பீன்யா கம்பெனி: பாதிச் சம்பளம், கட்டாத பி.எஃப். – வேலையை விடறதா, நின்னு கேக்கறதா?

1. பீன்யா பேனல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு எலெக்ட்ரிகல் பேனல் போர்டு கம்பெனியில புரொடக்‌ஷன் சூப்பர்வைசரா இருக்கேன். கம்பெனி பேர் வேண்டாம். ஊர் கிருஷ்ணகிரி பக்கம். எங்க ஷாப் ஃப்ளோர்ல பாதிப் பேர் தமிழ் ஆளுங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், கே.ஜி.எஃப்.னு வந்தவங்க.

தீபாவளி வரைக்கும் சம்பளம் ஒண்ணாந்தேதி, மிஞ்சிப் போனா மூணாந்தேதி வந்துடும். அப்புறம் பத்து ஆச்சு, பதினைஞ்சு ஆச்சு. இப்போ பாதிதான் வருது. மீதி அடுத்த வாரம்னு சொல்றாங்க, அதுக்குள்ள அடுத்த மாசம் பிறந்துடுது. பே ஸ்லிப்ல முழுச் சம்பளமும் கொடுத்ததாத்தான் அச்சாகி வருது.

ஆர்டர் இல்லாம இல்ல. போன வாரம் காப்பர் பஸ்பார் ஏத்திட்டு வந்த வண்டி கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு. பணம் அக்கவுண்ட்ல ஏறினாத்தான் சரக்கை இறக்கணும்னு சப்ளையர் டிரைவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கார். ஸ்டோர்ஸ்காரர் மூணு தடவை ஆபீஸ் மாடிக்கு ஏறி இறங்கினார். அசெம்பிளி பசங்க ஸ்பேனரைக் கையில வச்சிட்டு வாசல்ல நின்னாங்க. சாயங்காலம் வண்டி சரக்கோட அப்படியே திரும்பிப் போயிடுச்சு. கேட்டைச் சாத்திட்டு வந்த ஸ்டோர்ஸ்காரர் யார்கிட்டயும் பேசல. இந்தக் கம்பெனி வாடகை ஷெட்டுல இருந்த காலத்துல சேர்ந்த மனுஷன் அவர்.

மீட்டிங் போட்டு எம்.டி. சொன்னது, "ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க, கலெக்‌ஷன் வருது." சரின்னு பொறுத்தோம். அதே மாசம் மார்க்கெட்டிங்குக்குன்னு ஒரு வைஸ் பிரசிடெண்டை (வி.பி.) பெரிய சம்பளத்துல எடுத்தாங்க. அவருக்கு ஒண்ணாந்தேதியே சம்பளம் போகுதுன்னு அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்களே சொல்றாங்க. ஒயர்மேனுக்குப் பாதி, வி.பி.க்கு முழுசா? இதை எந்த மனசு ஏத்துக்கும்?

நேத்து ராத்திரி உமங் ஆப்ல பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தேன். செப்டம்பர் மாசத்துக்கு அப்புறம் ஒரு வரி ஏறல. ஸ்லிப்ல மாசாமாசம் பிடிச்சிருக்காங்க.

வேலையை விட்டுடறதா, இருந்து கேக்கறதா? நான் சூப்பர்வைசர், லேபர் ஆபீஸ்ல என் புகாரை எடுத்துப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2. ஒயிட்ஃபீல்டு வாசி

சகோ, வெளிய வர்ற வழியைப் பாருங்க. நான் ஒரு ஸ்டார்ட்டப்ல இதே வரிசையில பார்த்தேன். முதல்ல அப்ரைசல் தள்ளிப் போச்சு. அப்புறம் மெடிக்கல் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கல. அப்புறம் சம்பளம். ஃபண்டிங் வருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. வேலை தெரிஞ்சவங்க முதல்ல கிளம்பிட்டாங்க, அவங்க வேலையும் இருந்தவங்க தலையில விழுந்துச்சு.

பிடிச்ச வருமான வரியை உங்க பேர்ல கட்டியிருக்காங்களான்னு காட்டற 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்க. என் சம்பளத்துல வருமான வரி பிடிச்சாங்க, கவர்ன்மெண்டுக்குக் கட்டல. ரிட்டர்ன் போட்டப்போ அந்த வரியைக் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்துச்சு. பிடித்தம் செஞ்ச வரியை கம்பெனி கட்டலைன்னா அதை ஊழியர்கிட்ட நேரா கேக்கக் கூடாதுன்னு 1961 வருமான வரிச் சட்டத்துல 205-ஆவது பிரிவு இருந்துச்சு. அதைக் காட்டித்தான் பதில் எழுதினேன். பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மெண்டும் கையில இருந்ததால முடிஞ்சுது.

இதே பெங்களூர்ல கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபர்ல பறக்கறதை நிறுத்தினப்போ ஊழியர்களுக்குப் பல மாசச் சம்பளம் பாக்கி. அவ்வளவு பெரிய பேரே அப்படி ஆச்சு. இன்னைக்கே ரெஸ்யூமே அனுப்புங்க.

3. மாரிகுப்பம் ரயில்

தம்பி ஒயிட்ஃபீல்டு, நீங்க சொல்றது முப்பது வயசுக்காரங்களுக்குச் சரி. ஐம்பது தாண்டின ஒயர்மேனை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பாங்க? நான் தினமும் மாரிகுப்பம் வண்டியில பெங்களூர் வந்து போறவன். பங்காரப்பேட்டை தாண்டினா பெட்டி முழுக்க இந்தப் பேச்சுதான். ஒருத்தர் கம்பெனியில ஓ.டி. நிறுத்தம், இன்னொருத்தர் கம்பெனியில வாரம் நாலு நாள் வேலை.

எங்கப்பா கே.ஜி.எஃப்.ல சேம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட்ல இருந்தவர். 2001 பிப்ரவரி 28-ல கோல்டு மைன்ஸை மூடினாங்க. கம்பெனி படுத்துடுச்சுன்னு தொண்ணூறுகள்லயே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மத்திய அரசு கம்பெனி, அப்படியெல்லாம் விட்டுடுவாங்களான்னு நம்பினாங்க. மூடின பிறகு கோர்ட்டு, டெல்லி, மனுன்னு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. அந்த அலைச்சல்லயே போய்ச் சேர்ந்தவங்க எங்க லைன் வீடுகள்லயே உண்டு.

அப்பா எல்லாக் காகிதத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில வச்சிருந்தார். சேர்ந்த தேதி, பி.எஃப். ஸ்லிப், மெடிக்கல், லீவு கணக்கு எல்லாம். எதிர் வீட்டுக்காரருக்கு சர்வீஸ் புக்ல ஒரு பேர், ரேஷன் கார்டுல ஒரு பேர். ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவர் செத்த பிறகு அந்த ஒரு எழுத்துக்காக அவர் சம்சாரம் உரிகம் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால பேனல்காரரே, விடறதோ இருக்கறதோ அப்புறம். உங்க ஆளுங்க எல்லாரோட யு.ஏ.என்.லயும் (பி.எஃப். நம்பர்) பேர், பொறந்த தேதி, ஆதார், பேங்க் அக்கவுண்ட், நாமினி சரியா இருக்கான்னு இந்த ஞாயித்துக்கிழமையே உக்காந்து பாருங்க. கம்பெனி திறந்திருக்கும்போது அது ஒரு கையெழுத்து வேலை. பூட்டின பிறகு அந்தக் கையெழுத்தைப் போட ஆள் இருக்காது.

4. யஷ்வந்த்பூர் கணக்கர்

சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கும் பார்ப்பது என் தொழில். மாரிகுப்பம் அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள்.

பாதிச் சம்பளத்தைவிட எனக்குக் கவலை தருவது பி.எஃப். விஷயம்தான். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்து, கம்பெனி தன் பங்காக இன்னொரு 12 சதவீதம் சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கம்பெனி பங்கைக் கட்டாதது பாக்கி. உங்களிடம் பிடித்ததைக் கட்டாதது நம்பிக்கை மோசடி. பழைய தண்டனைச் சட்டம் 405-இல் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316-இல் இருக்கிறது. கம்பெனிக்குக் கஷ்டம் என்பது இதற்குப் பதில் ஆகாது. அது அவர்கள் பணமே அல்ல.

பாஸ்புக் உங்கள் கணக்கை மட்டும் காட்டும். கம்பெனி மொத்தமாகக் கட்டியதைப் பார்க்க வழி இருக்கிறது. பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்ற பகுதி உண்டு. லாகின் தேவையில்லை. கம்பெனி பேரைப் போட்டால் எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றைப் பலர் நினைப்பதில்லை. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இ.டி.எல்.ஐ. திட்டத்தில் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மாதாமாதம் கணக்கு ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த நேரத்தில் குடும்பம்தான் படி ஏறி இறங்கும். ஷாப் ஃப்ளோரில் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சம்பளம். 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். ராஜினாமா செய்தாலும், நீக்கினாலும், கம்பெனியை மூடினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும். பழைய 1936 சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களோடு நின்றுவிட்டது. இப்போது அந்த வரம்பு இல்லை. சூப்பர்வைசர், மேனேஜர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். ஆகவே நீங்கள் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம், மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடு போடவும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. பெங்களூரில் பன்னேர்கட்டா ரோடு டெய்ரி சர்க்கிள் பக்கம் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவன் இருக்கிறது. பீன்யாவுக்கு எந்த அதிகாரி என்று அங்கே விசாரித்தால் சொல்வார்கள்.

பாதிச் சம்பளம் ஏறிய அன்றே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். "இன்று இவ்வளவு வந்தது, இந்த மாதத்துக்கு இவ்வளவு பாக்கி." அவ்வளவு போதும். கோபமாக ஒரு சொல் வேண்டாம். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எந்த வவுச்சரிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. பீன்யா பேனல்காரன்

கணக்கர் சார், ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரி தேடிப் பார்த்தேன். செப்டம்பருக்கு அப்புறம் கட்டவே இல்ல. அதுக்கு முன்னாடி கட்டினதுலயும் நாங்க இருக்கற ஆளுங்களைவிடத் தலைக்கணக்கு நிறையக் குறைவா இருக்கு. காண்ட்ராக்ட் பசங்க பேர் அதுல இல்லவே இல்லன்னு நினைக்கறேன். அவங்க கூலியிலயும் பி.எஃப்.னு பிடிக்கறாங்க. ஒடிசா பசங்க, பீகார் பசங்க. யு.ஏ.என். நம்பர்னா என்னன்னே அவங்களுக்கு யாரும் சொல்லல. எனக்கு ராத்திரி தூக்கமே வரல சார். அவங்களுக்கு வேலை சொல்றவன் நான். அவங்க என் முகத்தைப் பார்த்துத்தான் ஓ.டி.க்கு நிக்கறாங்க.

6. ராஜாஜிநகர் லேத்

நான் எதிர்ப் பக்கத்து ஆள். சின்ன லேத் பட்டறை வச்சிருக்கேன், ரெண்டு சி.என்.சி. மெஷின் லோன்ல ஓடுது. என்னையும் கொஞ்சம் கேளுங்க.

2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்.எஸ்.எம்.இ.) சட்டப்படி எங்ககிட்ட சரக்கு வாங்கறவங்க 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். லேட்டானா ரிசர்வ் பேங்க் பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி. சட்டத்துல இருக்கு. நடைமுறையில நாலு மாசம், அஞ்சு மாசம். வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் வராது. ஆனா இன்வாய்ஸ் போட்டுட்டா பணம் வந்தாலும் வராட்டியும் அடுத்த மாசம் ஜி.எஸ்.டி. கட்டியாகணும். வருமான வரியில 43பி(எச்) கொண்டு வந்தாங்க, குறு சிறு கம்பெனிக்கு நேரத்துல பணம் கொடுக்கலைன்னா அந்த வருஷம் அதைச் செலவா காட்ட முடியாதுன்னு. என் வாடிக்கையாளர் ஒருத்தர் பேசாம பதிவு இல்லாத பட்டறைக்கு ஆர்டரை மாத்திட்டார். பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாம கடன் கொடுக்கற பேங்கா நாங்க இருக்கோம்.

சம்பளத் தேதி நெருங்கினா எனக்கும் சாப்பாடு இறங்காது. கோவிட் நேரத்துல என் வீட்டுக்காரி நகையை அடகு வச்சுத்தான் பசங்களுக்குக் கொடுத்தேன்.

பி.எஃப். ஆபீசுக்குப் புகார் போனா கம்பெனி பேங்க் அக்கவுண்டை முடக்குவாங்க. அப்புறம் வர்ற பாதியும் வராது. இதையும் யோசிச்சு அடியெடுத்து வைங்க. உங்க எம்.டி. பண்ணினது சரின்னு நான் சொல்லல. ஆளுங்களுக்குப் பாதி கொடுத்துட்டு வி.பி.க்கு முழுசா கொடுக்கறவர் மேல எனக்கும் மரியாதை இல்ல.

7. பொம்மனஹள்ளி அக்கா

லேத் அண்ணா, நகையை வச்சுச் சம்பளம் கொடுத்த மனசுக்கு ஒரு கும்பிடு. எல்லா முதலாளியும் உங்களை மாதிரி இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

நான் கார்மெண்ட்ஸ்ல டெய்லரா சேர்ந்து இப்போ லைன் சூப்பர்வைசர். 2016 ஏப்ரல்ல நடந்தது இங்க எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கோ. பி.எஃப்.ல முதலாளி பங்கை 58 வயசு வரைக்கும் எடுக்க முடியாதுன்னு மத்திய அரசு புது விதி போட்டுச்சு. எங்க பொண்ணுங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குச் சேமிப்புன்னா அது ஒண்ணுதான். மகள் கல்யாணம், ஊர்ல வீட்டுக்குக் கூரை, மாமியார் ஆபரேஷன், எல்லாமே அதை நம்பித்தான். ஏப்ரல் 18-ந்தேதி மெஷினை விட்டு எழுந்து ஹோசூர் ரோட்டுக்கு வந்துட்டோம். எந்தக் கட்சியும் கூப்பிடல, எந்தத் தலைவரும் வரல. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க. அடுத்த நாளும் போனோம். தடியடி நடந்துச்சு, சில இடத்துல வண்டியை எரிச்சாங்க. அந்த எரிப்பு தப்பு, நான் அன்னைக்கும் சொன்னேன். ஆனா 19-ந்தேதி சாயங்காலம் அந்த விதியையே வாபஸ் வாங்கிட்டாங்க.

அப்போ மாசம் பத்தாயிரம் கூட வாங்காத பொம்பளைங்க பி.எஃப்.ஐ அப்படி மதிச்சோம்னா, அதுல கை வைக்கறவங்களைப் பார்த்து "கஷ்டம் பாவம்"னு எங்களால விட முடியாது அண்ணா. கரண்ட் பில் கட்டறீங்க, கட்டலைன்னா பெஸ்காம் ஃபியூசைப் பிடுங்கிடும். பேங்க் இ.எம்.ஐ. கட்டறீங்க. காப்பர்காரனுக்கு முன்பணம் கொடுக்கறீங்க. எல்லாரையும்விடக் கடைசியா நிக்கறது தொழிலாளி பணம்தான், ஏன்னா அவன்தான் வாய் திறக்க மாட்டான்.

பேனல் தம்பி, அந்த ஒடிசா பசங்களை விட்டுட்டு நீங்க மட்டும் தனியா கேக்காதீங்க.

8. நாகசந்திரா ஃபிட்டர்

அக்கா சொன்னது கரெக்ட். இவ்வளவு பேசறதுக்குப் பதிலா திங்கக்கிழமை எல்லாரும் ஒரே நாள்ல கேஷுவல் லீவு போட்டுட்டா எம்.டி. தானா இறங்கி வருவார். டிஸ்பாட்ச் நின்னா அவருக்கு வலிக்கும்.

9. யஷ்வந்த்பூர் கணக்கர்

ஃபிட்டர் தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலே அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் செய்தால் சட்டவிரோதம் ஆகிவிடும். சம்பளம் தராதவர் மேல் இருக்கிற குற்றம் அன்றோடு உங்கள் மேல் திரும்பும். எட்டு நாள் சம்பளத்தையும் வெட்ட இடம் கிடைக்கும். முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்வது வேறு. அதற்குப் பின்னால் ஒரு சங்கம் இருப்பது நல்லது.

லேத் அண்ணன் சொன்ன முடக்கத்தைப் பற்றி. புகார் போட்ட மறுநாளே அக்கவுண்டை முடக்குவதில்லை. முதலில் கம்பெனிக்குக் கேட்டு எழுதுவார்கள். பிறகு விசாரணை. எவ்வளவு பாக்கி என்று தீர்மானித்து உத்தரவு போட்ட பிறகும் கட்டாவிட்டால்தான் வசூல் நடவடிக்கை. அதற்குள் தவணை கேட்டுக் கட்டுகிற முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாமதத்துக்கு வருஷம் 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் அபராதம் என்று ஏறுவதால் சீக்கிரம் புகார் வருவது முதலாளிக்கும் நல்லதுதான்.

காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில் காண்ட்ராக்டர் கட்டவில்லை என்று உங்கள் கம்பெனி கை கழுவ முடியாது. காண்ட்ராக்டர் சம்பளமோ பி.எஃப்.ஓ தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான உங்கள் கம்பெனி கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவு உங்கள் கையில்தானே இருக்கிறது? அதன் நகல்தான் அவர்களுக்கு ஆதாரம்.

10. ஜாலஹள்ளி கிராஸ்

நான் இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல, படிக்கறதோட சரி. என் வீட்டுக்காரர் பீன்யாவுல வேற ஒரு கம்பெனி, நிலைமை இதேதான். நீங்க எல்லாரும் சட்டம் பேசறீங்க, நல்லது. வீட்டுக்குள்ள என்ன ஆகுதுன்னு சொல்றேன்.

வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்னு சொல்லிட்டார், அது முடிஞ்சா காலி பண்ணணும். பையன் ஸ்கூல்ல ரெண்டாவது டெர்ம் ஃபீஸ் கட்டலைன்னு டைரியில எழுதி அனுப்பறாங்க, அவன் அந்தப் பக்கத்தை மடிச்சு வச்சு என்கிட்ட காட்டறான். அவங்கப்பாகிட்ட காட்ட மாட்டேங்கறான். இவரு கம்பெனியில என்ன நடக்குதுன்னு வீட்டுல சொல்றதே இல்ல. கேட்டா கோவம் வருது. நகைச்சீட்டை அலமாரியில பார்த்துத்தான் நகை அடகுல இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது.

அண்ணன்மாரே, தம்பிமாரே, கம்பெனி விஷயத்தை வீட்டுல சொல்லுங்க. எங்களால சமாளிக்க முடியும். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல.

11. மாரிகுப்பம் ரயில்

தங்கச்சி, நல்லவேளை எழுதினீங்க. எங்கம்மாவும் இதையேதான் சொல்லிட்டு இருப்பாங்க.

கணக்கர் சார், ஒரு கேள்வி. நாளைக்குக் கம்பெனி திவால்னு என்.சி.எல்.டி. (கம்பெனி தீர்ப்பாயம்) போயிடுச்சுன்னா தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? முதல்ல பேங்குக்குத்தானே?

12. யஷ்வந்த்பூர் கணக்கர்

அப்படி இல்லை அண்ணா. 2016 திவால் சட்டம் 53-ஆவது பிரிவில் ஒரு வரிசை இருக்கிறது. கம்பெனியை விற்றுக் கணக்கு முடிக்கும்போது, அந்த நடவடிக்கைக்கு ஆன செலவு போக, தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கியும் அடமானம் வாங்கிய பேங்கும் ஒரே வரிசையில் நிற்கும். சூப்பர்வைசர், ஆபீஸ் ஸ்டாஃப் போன்ற மற்ற ஊழியர்களுக்கு அதற்கடுத்த வரிசை, கடைசி 12 மாத பாக்கி வரை. பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) நிதிப் பணம் இந்த வரிசைக்குள்ளேயே வராது, தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

காகிதத்தில் இப்படி. காலக்கணக்கு வேறு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் நின்றது. ஊழியர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டியைக் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உறுதி செய்தது. கடைசியில் 2024 நவம்பரில் கம்பெனியையே விற்றுத் தீர்க்கச் சொல்லிவிட்டது. அதாவது நின்ற நாளிலிருந்து ஐந்தரை வருஷம். இத்தனைக்கும் நாடே பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி அது. பீன்யாவில் ஒரு ஷெட் மூடினால் பேப்பரில் நாலு வரி வராது. அதனால்தான் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள் என்கிறேன். ஆர்டர் இருக்கிறது, வர வேண்டிய பணம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. கேட்டால் கிடைக்கிற காலம் இதுதான்.

13. ராஜாஜிநகர் லேத்

அக்கா எழுதினதைப் படிச்சேன். ஆளுங்ககிட்ட பிடிச்ச பி.எஃப். பணத்தைக் கட்டாம வைக்கறது தப்புதான், அதுல எனக்கு மறு பேச்சில்ல. என் பட்டறையில எது நின்னாலும் அது நிக்காது.

பேனல்காரர் தம்பி, ஒரு முதலாளியா சொல்றேன், எம்.டி.கிட்ட போகும்போது "எப்போ கொடுப்பீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு "சீக்கிரம்"னு சொல்லி அனுப்பிடலாம். "எந்தக் கஸ்டமர்கிட்டயிருந்து எவ்வளவு வரணும், அது வந்தா முதல்ல யாருக்குப் போகும்"னு கேளுங்க. எங்க எல்லார்கிட்டயும் அந்தப் பட்டியல் இருக்கும், பேங்குக்கு மாசாமாசம் கொடுக்கறதுதான். பேங்குக்குக் காட்டறதை ஆளுங்களுக்கும் காட்டலாம். காட்ட மாட்டேன்னு சொன்னா அப்புறம் அந்த ஆளை நம்பாதீங்க. கம்பெனி குறு, சிறு பதிவுல இருந்தா, பாக்கி வச்சிருக்கற கஸ்டமர் மேல எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி ஆன்லைன்ல மனு போடச் சொல்லுங்க. ஆர்டர் போயிடும்னு எம்.டி. பயப்படுவார். ஆளுங்களே வற்புறுத்தினாங்கன்னு சொல்லிக்க அவருக்கு அது ஒரு சாக்காவும் ஆகும்.

14. பீன்யா பேனல்காரன்

எல்லாருக்கும் ஒரு தகவல். ஞாயித்துக்கிழமை நாகசந்திராவுல ஒருத்தர் வீட்டு மாடியில உக்காந்தோம். தமிழ், கன்னடம், இந்தி மூணும் கலந்துதான் பேச்சு. எல்லார் போன்லயும் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தோம். காண்ட்ராக்ட் பசங்கள்ல பல பேருக்கு யு.ஏ.என். நம்பரே உருவாக்கல. ஒரு பையன் தன்னோட ஸ்லிப்பை பர்ஸ்ல நாலா மடிச்சு வச்சிருந்தான், பிரிச்சா மடிப்புல கிழியுது. "இதுல எழுதியிருக்கறது பொய்யா பாய்யா"ன்னு கேட்டான். யாருக்கும் பதில் வரல.

கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் ஒரே கடிதம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, காண்ட்ராக்ட் பசங்க பேரையும் சேர்த்து, ஹெச்.ஆர்.ல சீல் போட்ட நகல் வாங்கிட்டோம். முதல் நாள் வாங்க மாட்டேன்னாங்க. ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பறோம்னதும் வாங்கிக்கிட்டாங்க.

நேத்து எம்.டி. கூப்பிட்டார், அஞ்சு பேர் போனோம். லேத் அண்ணா சொன்ன மாதிரியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். தண்ணித் திட்ட காண்ட்ராக்டர்கிட்டயிருந்து மட்டும் பெரிய தொகை நிக்குது. மத்தவங்ககிட்டயிருந்து வந்த பணம் பேங்க் சி.சி. கடன்லயும் காப்பர்லயும் போயிருக்கு. இதை அக்டோபர்லயே காட்டியிருந்தா நாங்களே ஓ.டி. போட்டு முடிச்சுக் கொடுத்திருப்போம்னு ஒயரிங் மேஸ்திரி முகத்துக்கு நேரா சொன்னார். வி.பி. சம்பளம் பத்திக் கேட்டோம். அதுக்கு மட்டும் பதில் இல்ல.

எழுத்துல கொடுத்தது இவ்வளவு. வர்ற மாசத்துலயிருந்து கம்மிச் சம்பளக்காரங்களுக்கு முதல்ல முழுசா. பி.எஃப். பாக்கி நாலு தவணையில. பழைய சம்பள பாக்கிக்குத் தேதி போடல. காண்ட்ராக்ட் பசங்க பத்தி "காண்ட்ராக்டர்கிட்ட பேசறோம்"னு ஒரு வரிதான். அதை ஏத்துக்க முடியாதுன்னு அங்கேயே சொல்லிட்டோம். முதல் பி.எஃப். தவணை நிறுவனத் தேடல்ல ஏறலைன்னா அன்னைக்கே ஆன்லைன் புகார். காண்ட்ராக்ட் பசங்களுக்காக இந்த வெள்ளிக்கிழமையே கார்மிக பவன் போறோம்.

நான் வேலை தேடறதையும் நிறுத்தல. ஆனா பசங்க பேர் பி.எஃப்.ல ஏறாம கிளம்ப மாட்டேன்.

15. ஒயிட்ஃபீல்டு வாசி

சகோ, லேப்டாப்பைத் திருப்பிக் காட்ட வச்சதே பெரிய விஷயம். எங்க ஆபீஸ்ல நூறு பேர் இருந்தோம், ஒருத்தரும் அதைக் கேக்கல. நல்ல ஒயரிங் டெக்னீஷியன் வேணும்னு ஹோசூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல கேட்டுட்டு இருக்காங்க. தனி மெசேஜ்ல விவரம் அனுப்பறேன். போக முடிஞ்சவங்க போகட்டும்.

16. நாகசந்திரா ஃபிட்டர்

கணக்கர் சார், லீவு யோசனையை விட்டுட்டேன். எனக்கு வேற ஒரு சந்தேகம். நான் இதே ஏரியாவுல இன்னொரு கம்பெனி, நிரந்தர ஆள். இன்னும் ரெண்டு மாசம் போனா அஞ்சு வருஷம். அங்கேயும் சம்பளம் இழுக்குது. இப்பவே ரிசைன் பண்ணினா கிராஜுவிட்டி வருமா? நாலு வருஷம் 240 நாள் போதும்னு ஹெச்.ஆர்.லயே ஒருத்தர் சொல்றார்.

17. யஷ்வந்த்பூர் கணக்கர்

அப்படி ஒரு தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் உண்டு. ஆனால் நீங்கள் இருப்பது கர்நாடகம். இங்கே அதைக் காட்டி வாதாடலாம், அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. கஷ்டத்தில் இருக்கும் கம்பெனி அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு இழுத்தடிக்கும். இரண்டு மாதம்தான் என்றால் ஐந்து வருஷத்தை முடித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வாரமாவது கழித்து ராஜினாமா கடிதம் கொடுங்கள். நோட்டீஸ் பீரியட் அதன் பிறகு ஓடட்டும். கிராஜுவிட்டி வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 26 நாளை ஒரு மாதமாக வைத்துக் கணக்கிடுவார்கள். விலகிய 30 நாளுக்குள் வர வேண்டும். மனுவை எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். சேர்ந்த தேதி போட்ட அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே ஹெச்.ஆரிடம் ஒரு பிரதி கேட்டு மெயில் போடுங்கள். இப்போது கேட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.